ஜெனரலுக்கு மட்டும் பழைய பென்ஷன்

1924 செப்டம்பர் தொடக்கத்தில் சிலி நாட்டின் செனட் சபைப் பார்வையாளர் மாடத்தில் இளம் இராணுவ அதிகாரிகள் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். கீழே மாண்புமிகு உறுப்பினர்கள் தலைபோகிற மக்கள் பிரச்சினை ஒன்றில் மூழ்கியிருந்தார்கள். தங்களுக்குத் தாங்களே சம்பளம் போட்டுக்கொள்வதுதான் அந்தப் பிரச்சினை. கஜானாவில் காசு இல்லை. சிப்பாய்க்குச் சம்பள பாக்கி, குமாஸ்தாவுக்குச் சம்பள பாக்கி. ஜனாதிபதி அர்துரோ அலெஸாண்ட்ரி கொண்டுவந்த தொழிலாளர் மசோதாக்களோ வருடக்கணக்காகத் தூசி தின்றுகொண்டிருந்தன.

மாடத்தில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார் போர்த்துறை அமைச்சர். ஒழுக்கமான பிள்ளைகள், மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்கள். போகிற போக்கில் இடுப்பில் தொங்கிய வாள் உறைகளைத் தரையில் இடித்துக்கொண்டே போனார்கள். ‘வாளோசை’ என்று இதற்குப் பாடப்புத்தகத்தில் தனித்தலைப்பே உண்டு.

ஓசையின் அர்த்தம் உறுப்பினர்களுக்கு உரையில்லாமலே விளங்கிவிட்டது. செப்டம்பர் 8ஆம் தேதி, அத்தனை வருடம் நகராத சட்டங்கள் சில மணி நேரத்தில் கட்டுக்கட்டாக நிறைவேறின. விவாதம் இல்லை, திருத்தம் இல்லை, வெளிநடப்பும் இல்லை. வெளியே யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டில் இருந்த 4054ஆம் எண் சட்டம், தொழிலாளிக்கு நோய், ஊனம், முதுமை மூன்றுக்கும் கட்டாயக் காப்பீடு என்றது. இதற்காகப் பாடுபட்டவர் எக்ஸெகியேல் கொன்சாலெஸ் கோர்தெஸ் என்ற டாக்டர். தொழிலாளர் தலைவர் என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான பழமைவாதக் கட்சிக்காரர். யோசனை ஜெர்மனியின் பிஸ்மார்க்கிடமிருந்து வாங்கியது. பிஸ்மார்க்கும் சோஷலிஸ்டுகளைக் கண்டால் ஆகாதவர்தான். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே கொஞ்சம் கொடுத்துவிட்டால் வாயை அடைக்கலாம் என்று 1889இல் முதியோர் பென்ஷன் கொடுத்தார். வயது வரம்பு 70. அந்தக் காலத்து ஜெர்மன் தொழிலாளி 70ஐத் தொடுவதற்குள் அரசுக்குச் செலவு வைக்காமல் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது கணக்கு. பிஸ்மார்க்குக்கு அப்போது 74.

சட்டம் நிறைவேறிய மூன்றாம் நாள், செப்டம்பர் 11, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. இராணுவக் குழு ஆட்சியில் உட்கார்ந்தது, ஜனாதிபதி நாட்டைவிட்டுக் கிளம்பினார். இந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிலி இராணுவத்துக்கு அது ராசியான தேதி.

பென்ஷன் நிதியை முதலில் சேமித்துத்தான் வைத்தார்கள். பணவீக்கம் அதை ஆண்டுதோறும் கொறித்தது. பிறகு நம்மூர் மொய் மாதிரி ஆகிவிட்டது விஷயம். இன்று வேலை பார்க்கிறவன் எழுதும் மொய், இன்று ஓய்வு பெற்றவருக்குப் போகும். நாளை இவன் ஓய்வு பெறும்போது அடுத்த தலைமுறை எழுதும். மொய்யில் தப்பே கிடையாது, எல்லோரும் ஒரே நோட்டில் எழுதினால். சிலியில் ஆளுக்கொரு நோட்டுப் போட்டார்கள். தொழிலாளிக்கு ஒரு நிதி, தனியார் குமாஸ்தாவுக்கு ஒரு நிதி, வங்கி ஊழியருக்கு ஒன்று, வணிகக் கப்பல் மாலுமிக்கு ஒன்று. அரசு ஊழியரும் பத்திரிகைக்காரரும் எந்த ஜாதகப் பொருத்தத்திலோ ஒரே நிதியில் இருந்தார்கள். பந்தயக் குதிரை ஓட்டிகளுக்கும் தனி நிதி இருந்தது. குதிரைகளை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.

1970கள் வரும்போது முப்பதுக்கும் மேற்பட்ட நிதிகள், நூற்றுக்கும் மேற்பட்ட விதிமுறைகள். சுரங்கத்திலும் வயலிலும் உடம்பை உருக்கியவன் 65 வயது வரை காத்திருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் இத்தனை வருட சர்வீஸ் முடிந்தது என்று தலை நரைக்கும் முன்பே வீட்டுக்குப் போகலாம். உச்சாணிக் கொம்பில் இருந்தவர்களுக்கு ‘துரத்தும் பென்ஷன்’ என்றே ஒன்று இருந்தது. அவர் விட்டுப்போன நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவருக்குச் சம்பளம் ஏறினால், இவருடைய பென்ஷனும் பின்னாலேயே ஓடி ஏறும். ஏழைத் தொழிலாளியின் பென்ஷனைத் துரத்தியது பணவீக்கம் மட்டும்தான். இதைச் சரிசெய்ய வேண்டும் என்று வலது, நடு, இடது என்று எல்லா நிற ஜனாதிபதிகளும் சொன்னார்கள். அவரவர் நோட்டைப் பிடித்துக்கொண்டு அவரவர் சங்கம் நின்றது. யாராலும் ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்க முடியவில்லை.

1973 செப்டம்பர் 11. தேதி நினைவிருக்கிறதா? ஜனாதிபதி மாளிகை மேல் குண்டு விழுந்தது, சோஷலிஸ்ட் ஜனாதிபதி அய்யெண்டே இறந்தார், ஜெனரல் பினோசே வந்தார். சங்கம், கட்சி, நாடாளுமன்றம் மூன்றுக்கும் பூட்டு. இனி எந்த நோட்டை வேண்டுமானாலும் கிழிக்கலாம், கேட்பதற்கு ஆள் இல்லை. பொருளாதாரத்தை என்ன செய்வது என்று மட்டும் ஜெனரல்களுக்குத் தெரியாது. அதற்கும் ஆள் தயாராக இருந்தது. 1956இல் சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு மாணவர்களை அனுப்பியிருந்தது. திரும்பி வந்த ‘சிகாகோ பையன்கள்’ செங்கல் கனத்தில் ஒரு பொருளாதாரத் திட்டம் எழுதிக் கையில் வைத்திருந்தார்கள். அதற்குப் பெயரும் ‘செங்கல்’தான்.

நம் கதாநாயகன் ஹோஸே பின்யேரா சிகாகோ பையன் அல்ல. ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனாலும் அதே வகையறா. 1978 டிசம்பரில் தொழிலாளர் அமைச்சரானபோது வயது முப்பதுதான். வந்த வேகத்தில் துரத்தும் பென்ஷனை ஒழித்தார், ஆணுக்கு 65, பெண்ணுக்கு 60 என்று ஒரே வயதைக் கொண்டுவந்தார். இதுவரைக்கும் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஜனநாயகத்தில் யாரும் செய்யத் துணியாத நியாயம் அது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

அவருக்கு மொய் நோட்டையே கொளுத்த வேண்டும். புதுத் திட்டம் இதுதான்: முதலாளி தரும் பங்கு இனிக் கிடையாது. தொழிலாளி தன் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தன் பெயரில் உள்ள கணக்கில் போட வேண்டும். அந்தப் பணத்தை ‘ஏ.எஃப்.பி.’ எனப்படும் தனியார் நிதி நிர்வாகக் கம்பெனிகள் சந்தையில் போட்டுப் பெருக்கும். அதற்குத் தனியாகக் கமிஷன். ஓய்வு பெறும்போது கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற பென்ஷன். சம்பளத்தில் 70 சதவீதம் வரும் என்று கணக்குச் சொன்னது. தாள் எப்போதும் பொறுமைசாலி.

திட்டம் எல்லோருக்கும், இராணுவமும் போலீசும் நீங்கலாக. இந்த இடத்தில் என் காதில் ஓர் உரையாடல் கேட்கிறது.

“ஜெனரல் ஐயா, உலகத்திலேயே இப்படி ஒரு திட்டம் கிடையாது. அவனவன் பணம் அவனவன் கணக்கில்.”

“பிரமாதம் தம்பி. பணம் எங்கே இருக்கும்?”

“சந்தையில், ஐயா. ஏறும், இறங்கும். போகப்போக ஏறும்.”

“நான் ரிட்டயர் ஆகிற அன்றைக்கு இறங்கியிருந்தால்?”

“…”

“நல்ல திட்டம். நாட்டுக்குப் போடு. பாரக்ஸ் பக்கம் கொண்டுவராதே.”

உரையாடல் என் கற்பனை. முடிவு நிஜம். சிலி இராணுவத்தினர் அரசு பணம் போடும் தங்கள் பழைய நிதியிலேயே இருந்துகொண்டார்கள், இன்றும் இருக்கிறார்கள். தேசத்துக்காக உயிரைக் கொடுக்கிறோம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள்தான், ஆனால் அந்த உறுதிமொழியில் பங்குச்சந்தை வராது. ஊருக்குத்தான் உபதேசம்.

1980 நவம்பர் 4ஆம் தேதி 3500ஆம் எண் ஆணை முடிவானது. அய்யெண்டே பதவியேற்றுப் பத்து வருடமும் ஒரு நாளும், அமெரிக்காவில் ரீகன் ஜெயித்த அதே நாள். ஆணை அரசிதழில் வந்தது நவம்பர் 13. அடுத்த பன்னிரண்டாம் நாள் ஜெனரல் பினோசேக்கு 65 வயது, அவர் அரசே நிர்ணயித்த ஓய்வு வயது, நிறைந்தது. ஓய்வு பெற்றாரா என்று கேட்காதீர்கள். ஜனாதிபதியாக 1990 வரை, தரைப்படைத் தளபதியாக 1998 வரை இருந்தார். ஓய்வு வயதை உயர்த்தலாம் என்று பின்னாளில் நிபுணர்கள் சொன்னார்களே, அதற்கு முன்னோடி அவர்தான்.

புதுத் திட்டத்தை விளக்க பின்யேரா வாரந்தோறும் டி.வி.யில் மூன்று நிமிடம் தோன்றினார். இளைஞர், அழகாகப் பேசுவார், எதிர்த்துப் பேச யாரும் இல்லாத சேனல். உங்கள் கையில் ஒரு பாஸ்புக் இருக்கும், அதில் உங்கள் பணம் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம் என்பது சாரம். நோட்டுக்குப் பதில் பாஸ்புக். எளிமையாகச் சொன்னால் ஜனங்களுக்குப் பிடித்துப்போகும், பிடித்தும்போனது. திட்டம் அமலுக்கு வரும் நாளையும் அவரே பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தார்: 1981 மே 1. தொழிலாளர் தினம். சங்கத்தலைவர்கள் சிறையிலும் நாடுகடந்தும் இருந்த ஒரு தேசத்தில் மே தினத்தன்று தொழிலாளியை முதலாளியாக்கியிருக்கிறார் மனிதர். இதற்குள் பின்யேரா சுரங்கத் துறைக்குப் போய்விட்டதால், அன்றைக்குத் தொழிலாளர் அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் மிகேல் காஸ்த். இவர் அசல் சிகாகோ பையன். இந்தப் பெயரையும் மறக்காதீர்கள்.

ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் பழைய முறையிலேயே இருக்கலாம், மாறுவதும் அவரவர் விருப்பம். 1983 முதல் புதிதாக வேலையில் சேர்கிறவர்களுக்கு அந்த விருப்பமும் கிடையாது. மாறியவர்களுக்குக் கையில் கிடைக்கும் சம்பளம் கூடியது, ஆகவே ஜனம் சாரிசாரியாக மாறியது. சரி, மாறியவன் எழுதிய பழைய மொய் என்னவாகும்? ‘அங்கீகாரப் பத்திரம்’ என்ற பெயரில், நீ ஓய்வு பெறும்போது வட்டியோடு தருகிறேன் என்று அரசு எழுதிக்கொடுத்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனையும் அரசே கொடுத்தாக வேண்டும். மொய் எழுதும் ஆட்கள் எல்லாம் எதிர்ப்பந்தலுக்குப் போய்விட்டார்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இங்கே. இந்த வகையில் அரசுக்கு வருடாவருடம் நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதம் செலவானது, அதுவும் வருடக்கணக்கில். தனியார்மயம் அரசின் சுமையைக் குறைக்கும் என்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

ஒரு வருடம் ஆனது. 1982இல் சிலியின் பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் சரிந்தது. வங்கிகளை வைத்திருந்த பெரிய வணிகக் குழுக்கள் கடனில் மூழ்கின. அந்தக் குழுக்களேதான் மிகப்பெரிய இரண்டு ஏ.எஃப்.பி.களான ப்ரோவிதா, சாந்தா மரியா இரண்டையும் வைத்திருந்தன. 1983 ஜனவரியில் பினோசே அரசு வங்கிகளைக் கையகப்படுத்தியது. கூடவே பென்ஷன் கம்பெனிகளும் அரசின் மடியில் வந்து விழுந்தன. அய்யெண்டே போராடி அரசின் கைக்குக் கொண்டுவந்த நிதித்துறையின் பெரும்பகுதியை ஒரே இரவில் மறுபடி தேசியமயமாக்கிவிட்டார்கள் சிகாகோ பையன்கள். ‘சோஷலிசத்துக்கு சிகாகோ பாதை’ என்று சாண்டியாகோவில் ஜனங்கள் கிண்டலடித்தார்கள். சர்வாதிகாரத்தில் நகைச்சுவைக்கு மட்டும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியதில்லை போலும். பிறகு கம்பெனிகள் மறுபடி விற்கப்பட்டன. பேங்கர்ஸ் டிரஸ்ட், எட்னா என்று அமெரிக்கக் கம்பெனிகள் வாங்கிப்போட்டன.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980களில் நிதிகள் நன்றாகவே சம்பாதித்தன. உலக வங்கி கண்களில் நீர் தளும்பப் பார்த்தது. ஜனநாயகம் 1990இல் திரும்பியபோது புதிய ஆட்சியாளர்களும் ஏ.எஃப்.பி. மேல் கைவைக்கவில்லை. வைக்கிற தைரியம் இல்லையா, மனம் இல்லையா என்பது இன்றும் சிலி நாட்டு டீக்கடை விவாதம், அங்கே அது காப்பிக்கடை.

அடுத்து வந்தது திருவிழாக் காலம். எல்லா ஏ.எஃப்.பி.யும் ஒரே மாதிரி முதலீடு செய்தன, லாபமும் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு எதில் போட்டி போடுவது? ஆள் பிடிப்பதில். 1990களின் நடுவில் விற்பனைப் பிரதிநிதிகள் 15,000க்கும் மேல் தெருவில் அலைந்தார்கள். எங்கள் கம்பெனிக்கு மாறினால் சைக்கிள், மாறினால் மைக்ரோவேவ் அடுப்பு, மாறினால் செல்ஃபோன். மூன்று மாதம் கழித்து அடுத்த கம்பெனி ஆள் வருவார், அவரிடம் வேறு அடுப்பு. வருடத்துக்குச் சந்தாதாரர்களில் பாதிப் பேர் கம்பெனி மாறினார்கள் என்றால் பாருங்கள். பகுத்தறிந்து தேர்வுசெய்யும் நுகர்வோர் என்று பொருளாதாரப் புத்தகம் வர்ணிக்கும் அந்த அபூர்வப் பிறவி கடைசியில் சாண்டியாகோவில் நேரில் தோன்றினான். முதுமையில் கிடைக்கும் நிச்சயமில்லாத பென்ஷனைவிட இன்றைக்குக் கிடைக்கும் டோஸ்டர் மேல் என்று தீர்க்கமாகத் தேர்வுசெய்தான். அடுப்புக்கான காசு அவனுடைய கமிஷனிலிருந்துதான் போனது என்பது வேறு கதை. 1997இல் அரசு கண்டிப்புக் காட்டியதும் திருவிழா முடிந்தது.

இதற்குள் சரக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியிருந்தது. பெரு, அர்ஜென்டினா, மெக்சிகோ, பொலிவியா, போலந்து, கஜகஸ்தான் என்று ஒவ்வொன்றாகப் பாஸ்புக் வாங்கின. பின்யேரா ஊர் ஊராகப் போய் உபன்யாசம் செய்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ் 2005இல் ஆசைப்பட்டார். அங்கே ஓட்டுப்போடும் கிழவர்கள் அதிகம், மாடத்தில் வாளோடு நிற்க ஆளும் இல்லை, ஆகவே திட்டம் பிழைக்கவில்லை. அர்ஜென்டினா 2008இல் தனியார் கணக்குகளை மொத்தமாக அரசுக்கே எடுத்துக்கொண்டது. நம் நாட்டுக்கும் தனிக்கணக்கு யோசனை வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது, மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் என்.பி.எஸ். என்ற புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. இங்கே அரசும் பங்கு போடுகிறது, அந்த மட்டில் பின்யேராவைவிட நம்மவர்கள் தேவலை. ஆனால் மத்திய அரசு ஆணையில் ஒரு வரி உண்டு: முப்படையினர் நீங்கலாக. அதைப் படித்தபோது சாண்டியாகோ பாரக்ஸ் வாசனை அடித்தது எனக்கு. ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோக்காரர்கள் ‘பழைய பென்ஷன்’ கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது, அவர்களிடம் வாள் எதுவும் இல்லை, பேனர்தான் இருந்தது.

சிலியில் முதல் தலைமுறைப் பாஸ்புக்காரர்கள் ஓய்வு பெறத் தொடங்கியதும் கணக்கு உடைந்தது. 70 சதவீதம் என்று சொன்ன கணக்கு, மனிதன் நாற்பது வருடம் இடைவிடாமல் நல்ல சம்பளத்தில் வேலை பார்ப்பான் என்று நம்பியது. நிஜ மனிதன் நடுவில் வேலை இழந்தான், தள்ளுவண்டி போட்டான். நிஜப் பெண் பிள்ளை பெற்று வளர்த்தாள், அதற்கு பாஸ்புக்கில் பத்தி கிடையாது. அவளுக்கு ஓய்வு வயது ஐந்து வருடம் முன்னால், ஆயுசு சில வருடம் பின்னால். கணக்கில் இருந்த கொஞ்சத்தை அத்தனை மாதத்துக்கும் பிரித்தால் கிடைத்தது குறைந்தபட்சச் சம்பளத்தைவிட மிகக் குறைவு. 2008இல் ஜனாதிபதி மிச்செல் பாச்சலெட் வரிப்பணத்திலிருந்து ஏழை முதியோருக்கு ஆதரவுப் பென்ஷன் கொண்டுவந்தார். அதே வருடம் உலகச் சந்தை கவிழ்ந்து, அதிக ரிஸ்க் எடுத்த ‘ஏ’ நிதி சுமார் 40 சதவீதத்தைத் தொலைத்தது. கம்பெனிகள் கமிஷனைத் தொலைக்கவில்லை. 2016 ஜூலையில் ‘ஏ.எஃப்.பி. இனி வேண்டாம்’ என்று இலட்சக்கணக்கில் ஊர்வலம் போனார்கள்.

இனிக் குடும்பக் கதை. ‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்பார்கள். ஹோஸே பின்யேராவுக்கு செபஸ்தியான் என்று ஒரு தம்பி உண்டு. கிரெடிட் கார்டில் கோடீஸ்வரர் ஆனவர், 2010இலும் 2018இலும் ஜனாதிபதியானார். அண்ணன் கட்டிய வீட்டுக்குத் தம்பி காவல். 2020இல் கொரோனா வந்தது. வேலை இல்லை, கையில் காசு இல்லை, பாஸ்புக்கில் மட்டும் காசு. அதிலிருந்து 10 சதவீதம் எடுக்க அனுமதி வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. அரசு எதிர்த்தது, ஆளுங்கட்சி உறுப்பினர்களே கட்சி மாறி ஓட்டுப்போட்டார்கள். ஜெயித்த களிப்பில் பாமெலா ஹிலெஸ் என்ற உறுப்பினர், தன்னைத்தானே ‘பாட்டி’ என்று அழைத்துக்கொள்பவர், தோளில் அங்கி பறக்க, கைகளைப் பின்னால் நீட்டிக்கொண்டு, ஜப்பானிய கார்ட்டூன் நிஞ்ஜா நருட்டோ பாணியில் சபைக்குள்ளேயே ஓடினார். ஓய்வூதிய வரலாற்றில் இத்தனை வேகமாக எதுவும் நகர்ந்ததில்லை.

ஒருமுறை எடுத்தவர்கள் நிறுத்துவார்களா? டிசம்பரில் இரண்டாவது, 2021 ஏப்ரலில் மூன்றாவது. மூன்றாவதை எதிர்த்து ஜனாதிபதித் தம்பி அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார், அவர்கள் வழக்கை எடுக்கவே மறுத்தார்கள். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். மூன்று தடவையிலும் சேர்த்து சுமார் 5,000 கோடி டாலர் வெளியே வந்தது. இலட்சக்கணக்கானோர் கணக்கில் மிச்சம் பூஜ்யம். 2022 ஜனவரியில் அதே தம்பி, பெரும்பாலான முதியோருக்கு அரசே வரிப்பணத்தில் பென்ஷன் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அண்ணன் 1980இல் அரசை வாசலுக்கு வெளியே தள்ளினார், தம்பி கொல்லைப்புறம் வழியாக அழைத்துவந்து சோறு போட்டார்.

பாஸ்புக்கை வெறுத்த சிலி மக்கள் மொய் நோட்டுக்குத் திரும்பினார்களா என்றால், அங்கேதான் ஹோஸே பின்யேரா சிரித்திருப்பார். இடதுசாரி ஜனாதிபதி கப்ரியேல் போரிச் வந்து, முதலாளி போடப்போகும் புதிய பங்கைப் பொதுநிதியாகச் சேர்க்கலாம் என்றதும், ‘என் காசில் கைவைக்காதே’ என்று ஊரெல்லாம் குரல் கிளம்பியது. ஏ.எஃப்.பி. திருடன், ஆனால் அவன் திருடுவது என் காசு, அதை இன்னொருவனுக்குப் பங்குவைக்க நீ யார்? வாரம் மூன்று நிமிடம் டி.வி.யில் பேசியதற்கு இதைவிடப் பெரிய வெற்றியை எந்த ஜோசியரும் கணித்திருக்க முடியாது.

2025 ஜனவரி இறுதியில் ஒருவழியாகச் சீர்திருத்தம் நிறைவேறியது. 1981இல் காணாமல்போன முதலாளியின் பங்கு திரும்பி வந்து, படிப்படியாக 8.5 சதவீதம் வரை ஏறும். அதில் பாதிக்குமேல் தனிக்கணக்குக்கே போகும். ஏ.எஃப்.பி.களும் பத்திரமாக இருக்கின்றன. இதை எதிர்க்கட்சிகளோடு பேசிப் பேசி முடித்துக்கொடுத்தவர் தொழிலாளர் அமைச்சர் ஜெனெத் ஹாரா, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஏ.எஃப்.பி.க்குக் கம்யூனிஸ்ட் ஒருவர் கையால் ஆயுசு நீட்டிப்பு.

அந்தப் பெருமையோடு ஹாரா 2025 ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். சிலியின் தேர்தல் சாஸ்திரம் தெரிந்த யாராவது அவரைத் தடுத்திருக்க வேண்டும். தொழிலாளர் அமைச்சராக இருந்தவர்களுக்கு அந்த நாற்காலி ராசியில்லை. ஹோஸே பின்யேராவே 1993இல் நின்று பார்த்தார், கிடைத்தது 6 சதவீதச் சொச்சம். டிசம்பரில் ஹாராவைத் தோற்கடித்தவர் ஹோஸே அந்தோனியோ காஸ்த். 1981 மே தினத்தன்று அமைச்சர் நாற்காலியில் இருந்தாரே மிகேல் காஸ்த், அவருடைய கடைசித் தம்பி. இவர் ஒருநாள்கூடத் தொழிலாளர் அமைச்சராக இருந்ததில்லை. அண்ணன் இருந்தார், அது போதும்.